வலது கையாக நின்றவள்

பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழித்து டிரைவர் மறுபடியும் வேலைக்குப் போனபோது இடது கை பழையபடி இருந்தது. கால்கள் ஏறக்குறையப் பழையபடி இருந்தன. வலது கை மட்டும் சட்டைக்குள் ஒரு விருந்தாளி போல இருந்தது. கூடவே வரும், கூடவே உட்காரும், ஒரு வேலைக்கும் உதவாது.

மருத்துவர் கொடுத்த சான்றிதழில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று எழுதியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னாராம். இவர் தோளிலிருந்து தூக்கிக் காட்டினாராம். "விரலைப் பத்தி அவர் கேக்கல, நானும் சொல்லல" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாயின் ஒரு ஓரம் மட்டும்தான் கலந்துகொண்டது.

ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு அது. நாற்பது பேர் உட்காரலாம். இந்தக் கரையில் சந்தையும் பேருந்து நிலையமும், அந்தக் கரையில் பெரிய மருத்துவமனையும் கல்லூரியும். நடுவில் பாலம் வரப்போகிறது என்று டிரைவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து சொல்கிறார்கள். பத்தொன்பது வருடத்தில் நான்கு தூண்கள் முளைத்திருக்கின்றன. தேர்தலுக்கு ஒரு தூண்.

படகில் மூன்று பேருக்கு வேலை. ஓட்டுவதற்கு டிரைவர். துறையில் அணைக்கும்போது கயிறு வீசிக் கட்டுவதற்கு ஒருவர். அவரை எல்லோரும் கயிற்றுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். டிக்கெட் கிழிக்க டிரைவரின் மனைவி. ஒரே மகள் நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போன பிறகு, நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு எதற்கு உட்கார வேண்டும் என்று இந்த வேலையில் சேர்ந்தவள். மகள் படித்து முடித்து அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அம்மா படகிலேயே நின்றுவிட்டாள்.

ஓட்டுநர் அறை என்பது பெயருக்குத்தான் அறை. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. இடது கைக்கு ஸ்டீரிங் சக்கரம், வலது கைக்கு லீவர். கியருக்கும் வேகத்துக்கும் அந்த ஒரே லீவர்தான். நிமிர்ந்து நின்றால் நியூட்ரல்: எஞ்சின் ஓடும், படகு ஓடாது. முன்னால் கொஞ்சம் தள்ளினால் 'டக்' என்று கியர் விழும், மேலும் தள்ளத் தள்ள வேகம் கூடும். பின்னால் இழுத்தால் அதே கதை தலைகீழாக. படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்துவதென்றால் பின்னோட்டத்தில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதையும் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தி, எஞ்சின் சத்தம் தணியும்வரை பொறுத்து, பிறகுதான் பின்னால் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் மோதும். அடிவயிற்றில் யாரோ குத்தியது போலப் படகே துள்ளும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, கயிற்றுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். டிரைவர் தன் வலது கையை இடது கையால் எடுத்து லீவரின் மேல் வைத்தார். விரல்கள் ஈரத்துணி போல வழுக்கி விழுந்தன. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தன. அதற்குள் படகின் பின்பக்கம் நீரோட்டத்தில் விலகித் துறையின் மரத்தூணை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. பின்னால் ஐம்பது பேர் வேலைக்கும் வகுப்புக்கும் நேரமாகிறது என்று உட்கார்ந்தும் நின்றும் காத்திருந்தார்கள். டிரைவரின் மனைவி டிக்கெட் கட்டோடு அறை வாசலில் நின்றிருந்தாள்.

"பிடி" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

"எதை?"

"லீவரை. முன்ன தள்ளு. மெதுவா. பூனைக்குட்டியத் தள்ற மாதிரி."

அவள் தள்ளினாள். 'டக்' என்றது. உள்ளங்கையில் எஞ்சினின் நடுக்கம் ஏறியது. படகு நேராகி ஆற்றுக்குள் போனது. அவர் சக்கரத்தைப் பிடித்தபடி, "பாத்தியா, ஒண்ணுமே இல்ல" என்றார். அவர் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தது. விரல் சரியாகும்வரை என்று ஆனது. விரல் சரியாகவில்லை. டிக்கெட்டை வேகமாகக் கிழித்து முடித்துவிட்டு அவள் அறைக்குள் வந்து அவருக்கு வலப்பக்கம் நிற்பாள். பயணிகள் பார்க்காமலிருக்க, வெயில் அடிக்கிறது என்று சொல்லிப் பின்கண்ணாடிக்கு ஒரு துணி கட்டினார்கள். கயிற்றுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர், "நான் முன்னாடிதான பாத்துட்டு நிக்கிறேன் அண்ணே. பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டார்.

முதல் நான்கைந்து மாதம் அவர்கள் இருவரும் இருந்த நெருக்கம், கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடக் குடும்பத்தில் அவளிடம் அவர் பேசியதைவிட அந்த ஐந்து மாதத்தில் அதிகம் பேசினார். முன்ன, நடு, பின்ன, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும். பேச்சென்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்தாறு சொல்லுக்குள் அவர் கோபப்பட்டார், பாராட்டினார், கேலி செய்தார். படகு தூசி படுவது போலத் துறையில் போய் ஒட்டினால், "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ம்'முக்காக அவள் நாள் முழுக்க நின்றாள். தெரிந்தவர்கள் உடம்பு எப்படி என்று கேட்டால், "எனக்கென்ன, வலது கையை வீட்லேருந்து கூட்டிட்டு வந்துட்டேன்" என்பார். கேட்பவர்கள் புரியாமல் சிரிப்பார்கள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

வினை அவள் கற்றுக்கொண்டதிலிருந்து தொடங்கியது.

கைக்கு என்று ஓர் அறிவு இருக்கிறது. நாளுக்குப் பதினாறு தடவை அணைத்து, பதினாறு தடவை விலக்கினால் அது தானாக வந்துவிடும். காற்று பின்னாலிருந்து தள்ளும் நாளில் நியூட்ரலுக்கு முன்கூட்டியே வர வேண்டும். பின்னோட்டத்தில் போட்டால் படகின் வால் எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும், அந்த ஒதுக்கத்தைத் துறைக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது, முன்னால் ஒரு சின்னத் தள்ளு கொடுத்தால்தான் முகம் திரும்பும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லாமலே கையில் படிந்துவிட்டது. ஒரு நாள் அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் நடுவுக்கு இழுத்துவிட்டாள்.

"நான் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சுது."

"சொன்னப்புறம் செய்."

அன்றிலிருந்து அவர் சொல்லும்வரை காத்திருந்தாள். அவர் சொல்லுக்கும் அவள் கைக்கும் நடுவில் விழுந்த அரை நொடி, படகு துறையில் இடிக்கும் இடியாக ஒவ்வொரு தடவையும் வெளியே வந்தது. நிற்கும் பயணிகள் தடுமாறினார்கள். "டிரைவருக்கு இன்னும் உடம்பு சரியாகல போல" என்று யாரோ சொன்னது துணியைத் தாண்டி உள்ளே கேட்டது. நன்றாகச் செய்தால் அவருக்கு வலித்தது, மோசமாகச் செய்தால் அவருக்கே கெட்ட பெயர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. நோய் வந்ததிலிருந்து அவருக்குச் சில சொற்கள் இடம் மாறி வந்தன. கதவை மூடச் சொல்ல நினைத்து 'திற' என்பார். தண்ணீர் கேட்க வேண்டிய இடத்தில் உப்பு கேட்பார். தவறாகச் சொன்னது அவருக்கே தெரியாது. மருத்துவர், "பதட்டப்படும்போது அதிகமா வரும், நீங்க பெரிசு பண்ணாதீங்க" என்று அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் பெரிசு பண்ணவில்லை. கதவை மூடினாள், தண்ணீர் கொடுத்தாள். படகில் அப்படி வந்ததில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் அந்த ஐந்தாறு சொல்லை மட்டும் அவருக்காகக் காத்துவைத்திருந்தது என்று அவள் நினைத்தாள்.

பதினான்காவது மாதம், மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு கலங்கி, சுழித்துக்கொண்டு ஓடியது. மருத்துவமனைத் துறையை நெருங்கும்போது நீரோட்டம் பின்னாலிருந்து படகைத் தள்ளியது. துறையின் விளிம்பில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார் போலிருக்கிறது. மடியில் மருந்துப் பை, பக்கத்தில் ஒரு பெண். நாற்காலியின் சக்கரம் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாள். படகு வரும் வேகத்தை அவள் பார்க்கவில்லை.

டிரைவர் பார்த்தார். லீவர் நடுவில் இருந்தது. அவர் கத்தினார்.

"முன்ன! முழுசா முன்ன!"

அவள் கை ஒரு கணம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் சரியான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, வாய்தான் தவறியிருந்தது. "முன்ன தள்ளுடீ!" என்று மறுபடி கத்தினார். அவள் பின்னால் இழுத்தாள். முழுசாக இழுத்தாள். எஞ்சின் அலறியது, படகின் பின்னால் தண்ணீர் கொதித்து எழுந்தது, நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வால் இடப்பக்கம் ஒதுங்கி, முகம் நாற்காலியை விட்டு விலகி, ஒரு முழம் தள்ளிப் படகு நின்றது. மருந்துப் பை மட்டும் தண்ணீரில் விழுந்தது.

இந்தக் களேபரத்தில் கண்ணாடியில் கட்டியிருந்த துணி அறுந்து விழுந்துவிட்டது. லீவரில் யார் கை இருக்கிறது என்பதை ஐம்பது பேர் பார்த்தார்கள்.

கயிற்றுக்காரர் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவர் வாயில் சனி. "அண்ணி, அண்ணன் முன்ன முன்னன்னு கத்துறார், நான் உசிரே போச்சுன்னு நினைச்சேன். நீங்க மட்டும் அவர் பேச்சக் கேட்டிருந்தா அந்தப் பெரியவர் இன்னைக்குக் காலி!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, "டிரைவரம்மா!" என்று கூப்பிட்டாள். அன்று வரை அந்தப் படகில் டிரைவர் என்ற சொல்லுக்கு ஓர் ஆள்தான் இருந்தார். அவர் சக்கரத்தை விடாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "நான் பின்னன்னுதான் சொன்னேன்."

"ஆமா" என்றாள்.

"என்ன ஆமா? நம்பலன்னா நம்பலன்னு சொல்லு. பைத்தியக்காரனுக்குத் தலையாட்டற மாதிரி ஆட்டாத."

"சரி, நீங்க முன்னன்னு சொன்னீங்க. வாய் தவறிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. விடுங்க."

"அப்ப இத்தனை நாளா நான் சொன்னதெல்லாம் நீயா பாத்துச் சரி பண்ணிட்டு இருந்தியா?"

அவள் அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். எந்தப் பதிலை அவரால் தாங்கியிருக்க முடியும்? கதவைத் திற என்றபோதெல்லாம் தான் மூடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். படகுத்துறை அலுவலகத்தில் உரிமம் கொடுக்கிறவர் அவர்தான். கறாரான ஆள் என்று பெயர். துறையில் நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்கு. நான் எதையும் பாக்கல, எங்கிட்ட யாரும் எழுதிக் குடுக்கல. சார் கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும், வேற டிரைவர் போடுறேன். அடுத்த மாசம் ஓட்டுநர் தேர்வு இருக்கு, நீங்க வந்து எழுதுங்க. பாஸ் பண்ணிட்டா முறைப்படி நீங்களே ஓட்டலாம்."

பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "என்ன சார், கொடுத்து வச்சவர் நீங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்த ஒரு மாதம் அவள் விதிமுறைப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தாள். சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பத்தொன்பது வருட அனுபவம் உட்கார்ந்திருந்தது, ஆனால் கேட்க முடியவில்லை. ஒரு தடவை கேட்டாள். "எதிரெதிரா ரெண்டு படகு வந்தா எது விலகணும்?"

"உனக்குத்தான் நான் சொல்லாமலே தெரியுமே" என்றார்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. உரிமம் என் பேர்ல இருக்கட்டும். சக்கரம் உங்க கையிலயே இருக்கட்டும். பேருக்குத்தான் நான். இது வரைக்கும் எப்படி ஓட்டினோமோ அப்படியே ஓட்டுவோம்."

"பேருக்கு இருக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். பதினாலு மாசம் இருந்து பாத்துட்டேன்."

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா பாவம்மா" என்றாள் மகள். "இந்த நேரத்துல உனக்கு இது தேவையா? கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?"

"எதை விட்டுக்குடுக்கச் சொல்ற? வேலைய விட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அது இல்லம்மா..." என்று இழுத்தாள் மகள். எது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

தேர்வு நாளன்று காலையில் அவர் அவளுக்கு முன்பே எழுந்து, குளித்து, எங்கோ கிளம்பிப் போயிருந்தார். அவள் தனியாகத் துறைக்குப் போனாள். எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். பிறகு படகு. ஆய்வாளர் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சக்கரமும் லீவரும் இரண்டும் சேர்ந்து தன் ஒருத்தியின் கையில் இருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யாருடைய சொல்லுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் நிறுத்தினாள், சத்தம் தணியக் காத்தாள், பின்னால் இழுத்தாள், மறுபடி நடுவுக்கு வந்தாள். துறையோரம் கட்டியிருந்த பழைய டயரைப் படகு அமுக்கக்கூட இல்லை, தொட்டுக்கொண்டு நின்றது.

"கை சுத்தம்" என்றார் ஆய்வாளர். "வாங்க, மேல வந்து கையெழுத்துப் போடுங்க."

மேலே அவர் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. காலை அலுவலகம் திறந்ததும் கொண்டுவந்து கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆய்வாளர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். அவளிடம் நீட்டினார்.

இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. கோடு போட்ட அந்தத் தாளும் அவள் வாங்கிக் கொடுத்த நோட்டிலிருந்து கிழித்தது. இடது கையில் எழுதிப் பழகட்டும் என்று வாங்கியது. 'எனது மனைவி உரிமம் ஏதுமின்றிப் பதினான்கு மாதங்கள் பயணிகள் படகின் இயக்கக் கருவியைக் கையாண்டு வந்தார். எனது உடல்நிலை காரணமாக என்னால் அவரைத் தடுக்க இயலவில்லை. பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு மனசாட்சியின்படி இதைத் தெரிவிக்கிறேன்.' கீழே கையெழுத்து. ஒரு சொல்கூட இடம் மாறியிருக்கவில்லை.

"நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றார் ஆய்வாளர். அவர் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை போல. "காதுல விழுந்ததை விழலன்னு சொல்லலாம். எழுத்துல வந்தத நான் எப்படிப் பாக்கலன்னு சொல்றது? உரிமம் இல்லாம ஓட்டினவங்க ரெண்டு வருஷத்துக்குத் தேர்வுக்கே வரக்கூடாது. விதி."

டிக்கெட் கிழிக்கும் வேலையும் அன்றே போயிற்று.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறவர் போல முதுகை நிமிர்த்தியிருந்தார். அவள் சண்டை போடவில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"உண்மையைத்தான எழுதினேன். பொய்னு ஒரு வரி காட்டு."

"பிடின்னு சொன்னது யாரு? அந்த வரி எங்க?"

அவர் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினாலு மாசம் உங்க மனசாட்சி எங்க போயிருந்துது? அதுக்கும் கை கால் விழுந்துடுச்சா?"

சொல்லியிருக்கக் கூடாத சொல். சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்தது. ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அவர் முகத்தில் அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருடத்தில் தான் அவரை வலிக்க வைத்தது அதுதான் முதல் தடவை என்றும், அது கொஞ்சம் நன்றாகக்கூட இருக்கிறது என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு அவளைப் பயமுறுத்தியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தன் குடும்பத்துக்கே எதிராக என்றாலும் உண்மையைச் சொன்ன மனிதர் என்று அலுவலகத்தில் அவருக்கு மரியாதை கூடியது. மேலதிகாரி ஒருவர் கோப்பில் 'நேர்மையான ஊழியர்' என்று எழுதினாராம். நோயாளியைத் தெருவில் விடக் கூடாது என்று, கீழே பயணச்சீட்டு ஜன்னலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இடது கையால் சீட்டுக் கொடுக்கலாம், ஒலிபெருக்கியில் படகு புறப்படும் நேரம் அறிவிக்கலாம். அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்தக் கரையில்.

ஆகவே தினமும் காலையில் அவள் வரிசையில் நின்று, அவர் ஜன்னலுக்குள் கையை நீட்டி, அவரிடமிருந்து ஒரு சீட்டு வாங்கினாள். வீட்டில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட அதே கை. "மனுஷன்னா இவர்தான் மனுஷன், பொண்டாட்டின்னுகூடப் பாக்கலயே!" என்று வரிசையில் யாராவது சொல்வார்கள். கயிற்றுக்காரர் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு தடவை, "எல்லாம் என் வாயால வந்தது அண்ணி" என்றார். "உங்க வாய் இல்லண்ணே" என்றாள் அவள்.

சலவைப் பிரிவில் பெரிய எந்திரங்கள். சூடான விரிப்புகளை இழுத்து மடித்து அடுக்க வேண்டும். கை ஒரு வருடத்தில் தடித்துப் போயிற்று. வீட்டில் இருவரும் பேசாமல் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, மாத்திரை வாங்க வேண்டும், மகள் கூப்பிட்டாள். இவ்வளவுதான் பேச்சு.

இரண்டு வருடம் முடிந்த வாரம், ஜன்னலில் அவள் சீட்டோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டாள். "ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தீந்து போச்சு."

அடுத்த வாரம் கேட்டாள். "இன்னும் வரல."

மூன்றாவது வாரம் அவள் கேட்காமல் மாடிக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன மாசமே ஒரு கட்டு கீழ குடுத்துட்டோமே. ஜன்னல்ல சார்கிட்ட கேளுங்க" என்றாள்.

கீழே வந்தாள். வரிசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். ஊழியர் தவிர யாரும் நுழையக் கூடாது என்று எழுதியிருந்த கதவு. அவர் நாற்காலியை நகர்த்தி மேசை இழுப்பறையை மறைக்கப் பார்த்தார். அவள் குனிந்து இழுப்பறையைத் திறந்தாள். சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் விண்ணப்பங்கள் கட்டோடு இருந்தன. கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. ஒன்றை உருவிக்கொண்டாள்.

வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போட் ஓட்டினா," என்றார் அவர் தாழ்ந்த குரலில், "நான் யாரு?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. இதே கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன் அடுப்படியில் வந்து கேட்டிருந்தால், அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது அவளுக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"டிக்கெட் குடுக்கற ஆளு" என்றாள்.

அங்கேயே, அவர் மேசையின் ஓரத்திலேயே, அவர் பேனாவை எடுத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். பிறகு வெளியே போய், வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்தபோது சீட்டு வாங்கிக்கொண்டு படகேறினாள்.

தேர்ச்சி பெற்றாள். பழைய படகு கிடைக்கவில்லை. ஆற்றின் மேற்பக்கத்து ஊர்களுக்குப் போகும் மூன்றாம் எண் படகைக் கொடுத்தார்கள். மகள் ஒரு முறை வந்து, அம்மாவின் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு, அப்பாவின் ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

காலையில் இருவரும் ஒரே நேரத்துக்குத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவள் பத்தடி முன்னால் நடப்பாள். துறையில் ஒவ்வொரு படகு புறப்படும்போதும் ஒலிபெருக்கியில் படகின் எண்ணையும் போகும் ஊரையும் ஓட்டுநரின் பெயரையும் அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து எல்லாவற்றுக்கும் அவர் அப்படியே அறிவிக்கிறார். மூன்றாம் எண்ணுக்கு மட்டும் ஊரோடு நிறுத்திக்கொள்கிறார். யாரும் புகார் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள், அவர் வேலைக்கும் ஆபத்து வரலாம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றிரண்டு தடவை புகார் எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்டு. பிறகு மடித்து வைத்துவிடுவாள். அறிவிப்பு முடிந்ததும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு லீவரைத் தள்ளுவாள்.